காங்கேயம் தேங்காய்ப் புண்ணாக்கு: சவாரிக் குதிரைக்குக் கொடுத்துப் பார்த்த ஒரு மதிப்பீடு

காங்கேயம் வட்டாரத்து எண்ணெய் ஆலைகளில் கிடைக்கும் தேங்காய்ப் புண்ணாக்கைச் சவாரிக் குதிரைக்கு அன்றாடத் தீவனமாகக் கொடுக்கலாமா, கொடுத்தால் ஏறி ஓட்டும்போது அதன் நடத்தையில் என்ன மாற்றம் தெரியும் என்ற இரண்டு கேள்விகளுக்கு இங்கே விடை சொல்ல விரும்புகிறேன். கொடுக்கலாம் என்பதே என் முடிவு. ஆனால் குதிரையைச் சாந்தப்படுத்தும் மருந்து இது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குதிரையைப் படபடக்க வைத்த மாவுச்சத்தைத் தீவனத் தொட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்கும், எடுத்த பிறகு உடல் மெலியாமல் காப்பதற்கும் இந்தப் புண்ணாக்கு கைகொடுக்கிறது. இதன் பயன் அவ்வளவுதான். அது சிறிய பயனும் அன்று.

கொங்கு நாட்டில் குதிரை வளர்ப்பவர்கள் இப்போது பலர். கோயம்புத்தூரைச் சுற்றிச் சவாரிப் பள்ளிகள் நடக்கின்றன. ஈரோடு, திருப்பூர் மாவட்டத் தோட்டங்களில் ஆசைக்காக ஒன்றிரண்டு குதிரைகளைக் கட்டியிருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் வருகின்றன. குதிரை வந்த அளவுக்குக் குதிரைத் தீவனம் பற்றிய அறிவு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். நமக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தது மாடு. காங்கேயம் காளைக்குப் பருத்திக்கொட்டையும் தவிடும் வைத்துப் பழகிய கை, குதிரைக்கும் அதையே வைக்கிறது. மாட்டின் வயிற்றில் தீவனம் முதலில் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, அதன் பிறகே செரிமானத்துக்குப் போகிறது. குதிரைக்கு இந்த வரிசை தலைகீழ்: முதலில் சிறிய இரைப்பை, அடுத்து நீண்ட சிறுகுடல், கடைசியில்தான் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பெருங்குடல். சிறுகுடலில் செரிக்காமல் தப்பும் மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து அமிலமாகிறது. நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தில் மடிகின்றன. கடுமையான வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வருகிற வழிகளில் இது முக்கியமானது. நோய் என்று சொல்லும் அளவுக்கு முற்றாமல் போனாலும், வயிற்றில் வேதனையோடு நிற்கும் குதிரை சேணத்துக்குக் கீழே அமைதியாக இருக்காது.

நான் இந்தப் புண்ணாக்கைக் கொடுத்துப் பார்த்தது என்னிடம் உள்ள ஏழு வயது மார்வாரிக் கலப்புப் பெண் குதிரைக்கு. மார்புச் சுற்றளவு 165 செ.மீ., தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உடல் நீளம் 153 செ.மீ. சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, வருவதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை ஏறத்தாழக் கிலோவில் கிடைக்கும். இவளுக்கு அது 350 கிலோ. தராசு இல்லாத லாயங்களுக்கு இந்தக் கணக்கு போதும். தீவனத்தின் எந்த அளவும் உடல் எடையை வைத்தே சொல்லப்படுவதால், எடை தெரியாமல் தீவனம் வைப்பது கண்ணை மூடிக்கொண்டு வைப்பதற்குச் சமம்.

என் தோட்டத்துக்கு வருவதற்கு முன் இவள் மாதக் கட்டணத்துக்குக் குதிரைகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு லாயத்தில் நின்றாள். அங்கே காலையும் மாலையும் ஒன்றரைக் கிலோ உடைத்த மக்காச்சோளம், அதன் மேல் அரைக் கிலோ கோதுமைத் தவிடு, இரவில் ஒரு கட்டு வைக்கோல். சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டும் வயிற்றுவாரை முதல் துளைக்கு இழுக்கும்போதே காதுகள் பின்னால் படிந்துவிடும். இரண்டாம் துளைக்குப் போகும்போது கழுத்தைத் திருப்பி, இழுப்பவரின் முழங்கையை நோக்கிப் பல்லைக் காட்டுவாள். ஏறி உட்கார்ந்ததும் அடியெடுத்து வைக்க மறுத்து நிற்பாள். காலால் அழுத்தினால் வாலைச் சுழற்றுவாள். ஆனால் டிராட் எனப்படும் துள்ளுநடைக்குப் போய்விட்டால் அதே குதிரை கைக்கு நிற்காமல் பறக்கப் பார்க்கும். வேலியில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பை அசைந்தால் பக்கவாட்டில் துள்ளும். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டம் கேட்டால் முதுகை வளைத்துப் பின்காலை உதறும். நடக்கச் சொன்னால் நிற்பதும், நிற்கச் சொன்னால் பறப்பதும் ஒரே குதிரையிடம் எப்படிச் சேர்ந்திருக்கும் என்று யோசிப்பதற்குப் பதிலாக, லாயத்தில் இருந்தவர்கள் அதற்குக் குறும்பு என்று பெயர் வைத்து, இன்னும் கடுமையான கடிவாளத்தைப் போடச் சொன்னார்கள். வலியைச் சொல்லத் தெரியாத ஒரு பிராணியின் வாயில் இரும்பைக் கூட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

தோட்டத்துக்கு வந்த புதிதில் அதே தீவனத்தையே தொடர்ந்தேன். இடமும் தீவனமும் ஒரே நேரத்தில் மாறினால் எது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. குதிரையின் குடலும் அதைத் தாங்காது. அந்த நாட்களில் லத்தியைக் கூர்ந்து பார்த்தேன். உருண்டை உருண்டையாக விழ வேண்டியது மாட்டுச் சாணம்போல் தளர்ந்து கிடந்தது. புளித்த வாடை அடித்தது. செரிக்காத மக்காச்சோளத் துணுக்குகள் மஞ்சளாகத் தெரிய, தோட்டத்துக் கோழிகள் வந்து கிளறிப் பொறுக்கின. இதைவிடத் தெளிவான ஆய்வறிக்கை வேண்டியதில்லை. கணக்கும் அதையே சொன்னது. மக்காச்சோளத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்து. ஆக, ஒரு வேளைக்கு ஒன்றரைக் கிலோ என்றால் ஒரு கிலோ மாவுச்சத்து. ஒரே வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராமுக்கு மேல் மாவுச்சத்து போகக் கூடாது என்பது பொதுவான வரம்பு. இரைப்பைப் புண் இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டால் 1 கிராம். இவளுடைய எடைக்கு அவை முறையே 700 கிராமும் 350 கிராமும் ஆகும். தவிட்டில் இருப்பதைச் சேர்க்காமலேயே வரம்பு தாண்டிவிட்டது. அதிலும் பதப்படுத்தாத மக்காச்சோளத்தின் மாவுச்சத்து, ஓட்ஸின் மாவுச்சத்தைப்போல் சிறுகுடலில் எளிதாகச் செரிப்பதில்லை.

வயிற்றுவாரை இழுக்கும்போது வந்த கோபத்துக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. குதிரையின் இரைப்பை 8 முதல் 15 லிட்டர் மட்டுமே கொள்ளும். மொத்தச் செரிமானப் பாதையில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. மேய்ந்துகொண்டே இருப்பதற்கென்று அமைந்த வயிறு என்பதால், தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் நாள் முழுவதும் சுரந்துகொண்டிருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். ஒரு கிலோ உலர்புல்லைத் தின்னக் குதிரை சுமார் 3,000 தடவை மெல்கிறது. ஒரு கிலோ தானியத்துக்கு ஏறத்தாழ அதில் மூன்றில் ஒரு பங்கு. தானியத்தை வைத்து வயிற்றை நிரப்பி, வைக்கோலை ஒரு கட்டோடு நிறுத்தினால், பகலின் பெரும்பகுதி அமிலம் வெறும் வயிற்றில் நிற்கும். இரைப்பையின் மேல்பகுதிக்குக் கீழ்ப்பகுதியைப்போல் சளிப்படலப் பாதுகாப்பு கிடையாது. குதிரை டிராட்டிலோ கேன்டரிலோ போகும்போது வயிறு அழுந்தி, அமிலம் அந்த மேல்பகுதியில் தெறிக்கிறது. பந்தயக் குதிரைகளிடம் இரைப்பைப் புண் மிகப் பரவலாகக் காணப்படுவதற்கு இந்தத் தீவன முறையும் கடும் ஓட்டமும் சேர்ந்துதான் காரணம். சேணத்தைக் கண்டாலே முகம் சுளிக்கும் குதிரைக்கு முதலில் பார்க்க வேண்டியது வயிற்றை.

எல்லாப் பழியையும் தீவனத்தின் மேல் போடுவதும் நியாயமாகாது. கடைவாய்ப் பல்லின் கூர்முனை கன்னத்தைக் கிழித்தாலும் குதிரை தலையை உதறும். சேணம் முதுகில் பொருந்தாவிட்டாலும் பின்காலை உதறும். அதனால் கால்நடை மருத்துவரை அழைத்துப் பல்லையும் முதுகையும் பார்க்கச் சொல்லி, குடற்புழு நீக்கமும் முடித்த பிறகே தீவனத்தில் கை வைத்தேன். சேணம், கடிவாளம், ஓட்டும் நேரம், ஓட்டும் ஆள் ஆகிய நான்கையும் மாற்றவில்லை. தீவனத்தைச் சோதிக்க விரும்புகிறவர்கள் இந்த ஒழுங்கை மட்டும் தயவுசெய்து விட்டுவிடக் கூடாது.

இப்போது பொருளுக்கு வருகிறேன். காங்கேயத்திலிருந்து வெள்ளகோவில் போகும் சாலையின் இருபுறமும் உலர்களங்களில் தேங்காய்ப் பருப்பு (கொப்பரை) வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கும். பெருந்துறையிலும் அவல்பூந்துறையிலும் ஏலம் போகும் பருப்பு இந்த ஆலைகளுக்குத்தான் வந்து சேர்கிறது. எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுவது புண்ணாக்கு. நான் வாங்கிய ஆலையின் பெயரை எழுதவில்லை. இதே தரம் அந்தச் சாலையில் பல ஆலைகளில் கிடைக்கிறது. எந்த ஆலை என்பதைவிட எந்த மூட்டை என்பதே முக்கியம். குதிரைக்கு என்று சொன்னதும் ஆலைக்காரர், “ஏனுங்க, குதிரைக்குங்களா? மாட்டுக்கும் எருமைக்குந்தானுங்க எல்லாரும் வாங்கீட்டுப் போவாங்க” என்று வியந்தார். பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காமல், “நேத்து ஓட்டுனது இருக்குதுங்க, அதையே எடுத்துக்கங்க” என்று உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். அந்த நேர்மைக்காகவே மறுபடியும் அங்கேதான் போகிறேன்.

குதிரைக்கு இந்தப் புண்ணாக்கு ஏன் ஒத்துவருகிறது என்றால், இதில் மாவுச்சத்து மிகக் குறைவு. புரதம் ஏறத்தாழ 20 சதவீதம். எக்ஸ்பெல்லர் என்ற திருகு இயந்திரத்தில் பிழிந்ததில் எண்ணெய் 6 முதல் 10 சதவீதம் வரை தங்கியிருக்கும். மிச்சத்தில் பெரும்பகுதி பெருங்குடலில் மெதுவாகப் புளித்து ஆற்றலாக மாறும் நார். கிலோவுக்குக் கிலோ ஓட்ஸுக்கு ஏறத்தாழ இணையான ஆற்றல் கிடைக்கும், ஆனால் தின்ற சிறிது நேரத்தில் இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும் அலைச்சல் இல்லை. மாவுச்சத்தைக் குறைத்து, கொழுப்பும் நாரும் கூடிய தீவனத்தில் வைத்த குதிரைகள் திடீர்ச் சத்தத்துக்கும் புதிய பொருளுக்கும் குறைவாக மிரள்வதாகக் குதிரை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் குதிரைகளுக்கென்றே இதைப் பொடித்து மூட்டை கட்டி விற்கிறார்கள். நமக்கோ பொள்ளாச்சித் தேங்காயும் காங்கேயத்து ஆலையும் வாசலிலேயே இருக்கின்றன.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பொருளின் நன்மையும் தீமையும் இங்கேதான் முடிவாகின்றன. நல்ல புண்ணாக்கை உடைத்தால் சடக்கென்று முறியும். உட்புறம் வெளிர்பழுப்பாக ஒரே நிறத்தில் இருக்கும். மூக்குக்கு அருகில் கொண்டுபோனால் வறுத்த தேங்காய் மணக்கும். காறல் வாடை வந்தால் எண்ணெய் கெட்டுவிட்டது என்று பொருள். உடைத்த முகத்தில் சாம்பல் அல்லது பச்சைப் புள்ளி தெரிந்தால் அந்த மூட்டையைத் தொடவே கூடாது. சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது கல்லீரலைக் கெடுப்பது, வேகவைத்தாலும் போகாது. பூஞ்சை வராமலிருக்கப் பருப்புக்குக் கந்தகப் புகை போடுகிற வழக்கம் உண்டு. புகை போடாத பருப்பின் புண்ணாக்கு எது என்று கேட்டு வாங்குவது நல்லது. செக்கில் ஆட்டிய புண்ணாக்கில் எண்ணெய் கூடுதலாக இருக்கும், குதிரை அதை விரும்பியே தின்னும். ஆனால் சீக்கிரம் காறும் என்பதால் நான் எக்ஸ்பெல்லர் புண்ணாக்கையே எடுக்கிறேன்.

ஒருமுறை அவசரத்துக்கு வேறொரு ஊர்த் தீவனக் கடையில் வாங்கிய மூட்டையில் மேலே புதிய சரக்கும் அடியில் கட்டி பிடித்த பழைய சரக்கும் கலந்திருந்தன. கட்டியை உடைத்தபோது உள்ளே பச்சை படர்ந்திருந்தது. கடைக்காரர், “மாடு திங்குதுங்க, குதிரை திங்காதா?” என்று கேட்டார், திருப்பி எடுத்துக்கொள்ள மனமில்லாமல்தான் எடுத்துக்கொண்டார். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. பல குதிரைகளுக்கு மொத்தமாக வாங்குகிற லாயங்கள் மாதிரியை அங்கே கொடுத்துப் பரிசோதித்துக்கொள்வது, பின்னால் ஒரு குதிரையை இழப்பதோடு ஒப்பிட்டால் பெரிய செலவாகாது.

கொடுக்கும் முறையில் ஒரே ஒரு கண்டிப்பு: ஊறவைக்காமல் கொடுக்கக் கூடாது. புண்ணாக்கு தண்ணீரை நிறைய உறிஞ்சி உப்பும். அந்த உப்பல் குதிரையின் தொண்டையில் நடந்தால் அடைத்துக்கொள்ளும். நெல்லிக்காய் அளவுக்குத் தட்டி உடைத்து, மூன்று நான்கு மடங்கு தண்ணீரில் ஊறப்போட்டு, கையால் மசித்தால் கட்டியில்லாமல் வரும் பதத்தில் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஊறிய புண்ணாக்கு அரை நாளில் புளித்துவிடும்; அந்தந்த வேளைக்கு அந்தந்த வேளையே ஊறவைப்பதுதான் சரி. முதல் வாளியை என் குதிரை மோந்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டி, தலையைத் திருப்பிக்கொண்டாள். பழைய தீவனத்தில் ஒரு பிடி ஊறிய புண்ணாக்கைக் கலந்து தொடங்கியதும் மெல்ல மெல்லப் பழகினாள். இப்போது வாளியின் அடியை நாக்கால் வழித்து, மூக்குமயிரில் வெள்ளைத் துகள் ஒட்டியபடி அடுத்த வாளி எங்கே என்று பார்க்கிறாள்.

மாற்றத்தை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் படிப்படியாகச் செய்ய வேண்டும். பெருங்குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் புதிய தீவனத்துக்கு ஏற்ப மாற அவ்வளவு காலமாவது பிடிக்கும்; ஒரே நாளில் மாற்றினால் நல்ல தீவனமே வயிற்றுவலியைக் கொண்டுவரும். நான் வைகாசியில் தொடங்கி, மக்காச்சோளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு, தவிட்டையும் நிறுத்தினேன். இப்போது நாளொன்றுக்குக் கொடுப்பது ஒரு கிலோ புண்ணாக்கு இரண்டு வேளையாக, 6 கிலோ உலர்ந்த அறுகும் கொழுக்கட்டைப் புல்லும், 4 கிலோ பச்சைக் குதிரைமசால் (லூசர்ன் என்னும் தீவனப் பயிர்), 35 கிராம் கல்லுப்பு. ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் மொத்தம் ஏறத்தாழ 7 கிலோ வரும். அது அவள் எடையில் 2 சதவீதம். ஒரு குதிரைக்கு வேண்டிய அளவு அதுதான். அதில் பெரும்பகுதி மெல்லும் தீவனமாக இருப்பதையே இந்த மாற்றத்தின் உயிர்நாடி என்பேன்.

சவாரியில் தெரிந்த மாற்றங்கள் ஒரே வேகத்தில் வரவில்லை. மக்காச்சோளம் பாதியாகக் குறைந்த நாட்களிலேயே துள்ளல் தணிந்தது. வேலியோரம் போகும்போது காதை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டு நடையைத் தொடர்ந்தாள். லத்தி உருண்டையாகிப் புளித்த வாடை போனது அடுத்தது. வயிற்றுவார்க் கோபம்தான் கடைசியாக விட்டது. இரைப்பைப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அதில் வியப்பில்லை. சேணம் போடுவதற்கு முன் கொஞ்சம் குதிரைமசாலைத் தின்னக் கொடுக்கும் வழக்கம் அதற்குப் பெரிதும் உதவியது. மசாலில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். மென்ற புல் இரைப்பையில் படலமாகக் கிடந்து அமிலம் தெறிக்காமல் காக்கும். இப்போது வாரை இழுக்கும்போது மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டு நிற்கிறாள். கேன்டருக்குப் போகும்போது முதுகை வளைப்பதும் நின்றுவிட்டது. உண்மையான சோதனை ஆடியில் வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வீசும் நாட்களில் தென்னை மட்டை விழுகிற சத்தத்துக்கும் புழுதிக்கும் எந்தக் குதிரையும் சற்றுப் பதறும், இவளும் பதறினாள். ஆனால் பதறிய பிறகு கைக்கு அடங்கி மறுபடி நடைக்கு வந்தாள். முன்பு அந்தத் திரும்பி வருதல் இல்லை.

எதிர்த்திசையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சந்தையில் வாங்கிய குதிரைகள் பல மெலிந்து வருகின்றன. விலா எலும்பு தெரியும் குதிரை சொன்னதைக் கேட்கும், குழந்தையை ஏற்றினாலும் நிற்கும். வாங்கியவர் நல்ல குணம் என்று மகிழ்ந்துபோவார். நல்ல தீவனம் வைத்து உடம்பு தேறியதும் அதே குதிரை உற்சாகம் காட்டும்போது, புதுத் தீவனம் குதிரையைக் கெடுத்துவிட்டது என்று குறைசொல்லித் தீவனத்தைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். பசியின் சோர்வைப் பணிவு என்று எடுத்துக்கொள்வது அந்தப் பிராணிக்குச் செய்யும் கொடுமை. உடம்பு தேறிய குதிரைக்கு வேண்டியது பயிற்சியும் கட்டவிழ்த்து விடும் நேரமும். செய்கிற வேலைக்கு மேல் ஆற்றல் போனால் எந்தத் தீவனமானாலும் குதிரை துள்ளத்தான் செய்யும். தேங்காய்ப் புண்ணாக்கும் இதற்கு விலக்கன்று. சவாரி இல்லாத நாளில் நான் புண்ணாக்கைப் பாதியாக்கிவிடுகிறேன், புல்லைக் குறைப்பதில்லை.

புண்ணாக்கின் குறைகளையும் மறைக்கக் கூடாது. இதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. லைசின் என்ற அமினோ அமிலமும் குறைவு, அதனால் வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இது மட்டும் போதாது. கொழுக்கட்டைப் புல், கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட்டு என்ற பொருள், இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் குடலில் பிணைத்துக்கொள்ளும். மாட்டுக்கு அதன் வயிற்று நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடுவதால் பெரிய பாதிப்பு வராது. குதிரைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இதோடு பாஸ்பரஸ் மிகுந்த தவிட்டையும் தினமும் சேர்த்தால், உடல் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்கத் தொடங்கி, முக எலும்பு வீங்கி, நடை நொண்டும். அந்த நிலைக்கு முன்பே, காரணம் தெரியாமல் அடியைக் குறுக்கி நடக்கிற குதிரையைச் சோம்பேறி என்று அடிப்பார்கள். கோயம்புத்தூர்ப் பகுதியில் குதிரைமசால் நன்றாக விளைவது நம் பேறு. அதில் சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸைவிடப் பல மடங்கு. புண்ணாக்கோடு மசாலைச் சேர்க்க முடியாதவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தாது உப்புக் கலவை சேர்க்க வேண்டும்.

கொள்ளைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். “கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும்” என்று பழமொழியிலேயே குதிரையோடு சேர்ந்துவிட்ட தானியம் அது. புரதம் 22 சதவீதம் அளவுக்கு உண்டு. பச்சையாகக் கொடுத்தால் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருப்பதால் வேகவைத்தே கொடுக்க வேண்டும். கடுமையாக உழைக்கும் குதிரைக்கு அளவாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதிலும் பாதிக்கு மேல் கார்போஹைட்ரேட்டு. வாரம் சில நாள் மட்டும் ஓட்டுகிற குதிரைக்கு, படபடப்பைக் குறைக்க வேண்டும் என்ற நோக்கத்தில், மக்காச்சோளத்துக்குப் பதிலாகக் கொள்ளை அதே அளவில் வைப்பதால் பயனில்லை. இறக்குமதியாகும் பீட்கிழங்குச் சக்கை நல்ல பொருள்தான், விலை நம் கைக்கு எட்டாது. மக்னீசியம் சேர்த்த சாந்தப் பொடிகளுக்கு உறுதியான ஆதாரம் போதாது. நல்ல புல் தின்னும் குதிரைக்கு மக்னீசியம் குறைவதும் அரிது.

ஒன்றை மட்டும் தனியாக வற்புறுத்துகிறேன். பல்லடம், நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் எளிதில் கிடைக்கிறது என்பதற்காக அதைக் குதிரைத் தொட்டியில் கொட்டிவிடக் கூடாது. கோழிகளின் இரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சேர்க்கும் மொனென்சின், சலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பானவை. குதிரைக்கு மிகச் சிறிய அளவிலேயே இதயத் தசையைக் கெடுத்து உயிரைப் பறிப்பவை. கோழித் தீவனம் அரைத்த இயந்திரத்திலேயே குதிரைக்கும் கலவை அரைத்துத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிட வேண்டும். வேலியோரத்துச் சவுண்டல் (சூபாபுல்) தழையும் வேண்டாம். ஆட்டுக்கு அது தீவனம், குதிரைக்கோ பிடரியும் வால்மயிரும் கொட்டிவிடும். தேங்காய் ஆலையில் நேரடியாக வாங்குவதில் எனக்குள்ள நிம்மதிகளில் இதுவும் ஒன்று: அங்கே தேங்காயைத் தவிர வேறு எதுவும் அரைபடுவதில்லை.

விலை கிலோ கணக்கில் மக்காச்சோளத்தைவிடக் கூடுதல்தான். தேங்காய் விலை ஏறும் மாதங்களில் இதுவும் ஏறுகிறது. மூன்று கிலோ மக்காச்சோளமும் ஒரு கிலோ தவிடும் போன இடத்தில் ஒரு கிலோ புண்ணாக்கு மட்டும் போவதால் தீவனச் செலவு கூடவில்லை. கூடியது புல்லுக்கான செலவு. ஆலையில் மூட்டையாகத்தான் தருகிறார்கள், வீட்டுக்கு அனுப்பும் வசதி கிடையாது, எடுத்துவர வண்டி நம்முடையதாக இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூட்டை ஈரம் இழுக்கும். அந்த மாதங்களில் மரப்பலகை மேல் அடுக்கி, மூன்று வாரத்துக்குள் தீர்ந்துபோகும் அளவுக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது. முந்தைய நாளே தொலைபேசியில் சொல்லிவிட்டால், அன்று ஓட்டிய புண்ணாக்கை ஆறவைத்து, “குதிரைக்காரருக்கு” என்று சாக்கில் எழுதித் தனியாக எடுத்துவைக்கிறார்கள்.